உயிரோடு இருப்பவருக்கு நினைவு ஆராதனை

தொங்யோங்
19 செப்டம்பர் 1994

இன்சுனுக்கு,

போன செவ்வாய்க்கிழமை காலை உன் சபையின் வாசிப்பு வட்டத்தில், என் புருஷன் கடலில் சாகவில்லை, போஹாங்கில் உயிரோடுதான் இருக்கிறான் என்று நீ சொன்னாய். சனிக்கிழமை அந்தச் செய்தி என் கடை வாசலுக்கு வந்தது. நேற்று என் பிள்ளை ஹக்சோல் வீட்டை விட்டுப் போய்விட்டான். நாளை சுசோக் அறுவடைப் பண்டிகை. மாவு பிசைந்து வைத்திருக்கிறேன். கொழுக்கட்டை பிடிக்க என் கை மட்டும்தான் இருக்கிறது.

எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். உங்கள் வட்டத்தில் மூப்பர் சோவின் மனைவி இருக்கிறாளே, அவளுடைய நாத்தனார்தான் எனக்கு எதிரே கடற்பாசிக் கடை வைத்திருக்கும் போங்நே. சனிக்கிழமை நான் நெத்திலி புடைத்துக்கொண்டிருந்தபோது, சந்தை முழுக்கக் கேட்கிற மாதிரி அங்கிருந்தே கத்தினாள்.

"என்ன ஹக்சோல் அம்மா, இந்த வருஷம் நினைவு ஆராதனைக்கு உங்க வீட்டுக்காரரையே கூப்பிட்டுடுங்களேன்! பாட்டுல அவரும் சேந்துக்குவாரு!"

நான் கையை நிறுத்தவில்லை. "கூப்பிடலாம் போங்நே. வருஷா வருஷம் வந்து வயிறு முட்டத் தின்னுட்டுப் போனியே, அவரு வந்தா அதுக்குக் கணக்குக் கேப்பாரு. பரவால்லையா?" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். என்னைப் பார்த்தா அவளைப் பார்த்தா என்று தெரியவில்லை.

ஹக்சோல் வேலை பார்க்கும் கப்பல் கட்டும் தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்கு அது அன்று மாலையே போய்விட்டது. நேற்று அவன் வந்து வாசலில் நின்றபடியே கேட்டான்.

"அம்மா, அப்பா எங்க?"

"கடல்ல."

"கடல்லயா, போஹாங்லயா?"

"முதல்ல சாப்பிடு" என்றேன். அவன் கழற்றாத செருப்போடு திரும்பிப் போய்விட்டான்.

இன்சுன், வேதத்தை இப்படி வாசிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீ. முதலில் சத்தமாக ஒரு தடவை. பிறகு மெதுவாக ஒரு தடவை. எந்தச் சொல் பிடித்து நிறுத்துகிறதோ அங்கேயே நின்று, அது என்னிடம் என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும். நான் மீன் ஏலம் தொடங்குமுன் பெட்டிகள் மேல் உட்கார்ந்து இத்தனை வருஷமாக அப்படித்தான் வாசிக்கிறேன். நீங்கள் நாலாவதாக ஒன்று வைத்திருக்கிறீர்கள். வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஆள் பகிர்ந்துகொள்வது. முதல் மூன்றும் கடவுளோடு. நாலாவது சந்தை. எனக்குச் சந்தை தெரியும்.

நீயும் நானும் வாங்குவது ஒரே தியானப் புத்தகம். அதனால் அந்தச் செவ்வாய்க்கிழமை நீ எந்தப் பகுதி வாசித்தாய் என்று எனக்குத் தெரியும். யோசேப்பைக் குழியில் தள்ளிய அண்ணன்மார் அவன் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்துக் கொண்டுபோய், மகன் செத்தான் என்று தகப்பனை நம்ப வைக்கிற பகுதி. அதில் என்னைப் பார்த்தாய். அங்கியைத் தோய்த்தவர்களில் ஒருத்தியாக. குழிக்குள் கிடந்தவள் நானாக இருக்கலாம் என்று உனக்குத் தோன்றவே இல்லையா?

ஹக்சோல் உன்னிடம்தான் வந்திருப்பான். பதில் எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் வைத்துவிடுவேன்.

தொக்ஹி

*

தேகு
24 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

பண்டிகை விடுமுறையால் உங்கள் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. ஹக்சோல் இங்கேதான் இருக்கிறான். புத்தக அறையில் பாய் விரித்துப் படுக்கிறான். சாப்பிடுகிறான். என் வீட்டுக்காரரோடு பந்து விளையாட்டு பார்க்கிறான். உங்களைப் பற்றி எதுவும் பேசவில்லை, நானும் தொடவில்லை.

நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை அக்கா. உங்கள் ஊரையும் சொல்லவில்லை, அவர் போஹாங்கில் இருப்பதை மட்டும்தான் சொன்னேன். "எங்கள் குடும்பத்தில்" என்றுதான் ஆரம்பித்தேன். ஜெபிக்கக் கேட்கும்போது முழுதாகச் சொல்லாமல் கேட்பது கடவுளிடமே மறைப்பது போல இருந்தது. மூப்பர் சோவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையை நான் நம்பினேன். அது என் தவறு. மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒன்றை நீங்கள் தவறாக நினைத்துவிட்டீர்கள், அதை எழுதாமல் இந்தக் கடிதத்தை மூட முடியாது. அன்று காலை நான் நின்றது அங்கியில் அல்ல. அதற்குக் கொஞ்சம் கீழே. தகப்பன் அழுகிறான், அவன் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து அவனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்கள். செத்தவன் சாகவில்லை என்று தெரிந்துகொண்டே வருகிறார்கள். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அங்கே நான் பார்த்தது உங்களை இல்லை அக்கா. என்னை.

ஒவ்வொரு அக்டோபரும் உங்கள் வீட்டில் அவருடைய புகைப்படத்துக்கு முன்னால் யார் ஜெபித்தது? "இன்சுன் குரல்தான் நல்லா இருக்கும், அவளே ஜெபிக்கட்டும்" என்று யார் சொன்னது? ஹக்சோல் ஏழு வயதில் என் மடியில் உட்கார்ந்து, "சித்தி, அப்பாவுக்குக் குளிருமா?" என்று கேட்டான். குளிராது, பரலோகத்தில் குளிரே கிடையாது என்று சொன்னேன். அந்த மனிதர் போஹாங்கில் தூண்டில் கடை வைத்துக் கணப்பு அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். என்னைப் படிக்க வைத்தீர்கள். அதற்காக எத்தனையோ செய்திருப்பேன். இதைப் போய்ச் செய்ய வைத்தீர்களே.

இப்போது காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஹக்சோலும் வாசிக்கிறான். நான் கூப்பிடவில்லை, அவனாகத்தான் வந்தான்.

இன்சுன்

*

தொங்யோங்
26 செப்டம்பர்

இன்சுனுக்கு,

அவன் உன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறான் என்று கடைசி வரியில் போட்டிருக்கிறாயே, எங்கே குத்த வேண்டும் என்று தெரிந்து போட்ட வரி அது. என்னோடு ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. "உனக்கு நெத்திலி வாசனைம்மா, வேதத்துலயும் அடிக்குது" என்பான். சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன்.

ஏன் சாகடித்தேன் என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஜோங்பில் இன்னொருத்தியோடு போனபோது ஹக்சோலுக்கு ஆறு வயது. உனக்குப் பள்ளிக்கூடம் பாக்கி இருந்தது. புருஷன் கடலில் போனவளுக்குப் படகுக்காரர்கள் சரக்கை நம்பிக் கொடுப்பார்கள், இரண்டு வாரம் பொறுப்பார்கள், மழை வந்தால் பெட்டிகளை உள்ளே தூக்கியும் வைப்பார்கள். புருஷன் ஓடிப்போனவளுக்குச் சிரிப்பைத்தான் கொடுப்பார்கள், கூடவே ராத்திரியில் கதவைத் தட்டுவார்கள். நான் விசாரித்துத்தான் முடிவெடுத்தேன். உடல் கிடைக்கவில்லை, அதனால்தான் குடும்பப் பதிவில் பெயர் நீக்கப்படவில்லை என்று சொல்லி வைத்தேன். ஹக்சோல் வளர்ந்து பதிவுச் சீட்டு எடுத்தபோதும் அந்தப் பதில் நின்றது. நல்ல சரக்கு, இருபது வருஷம் கெடாமல் இருந்தது. இன்று அந்த நிலைமை வந்தாலும் அதையே செய்வேன். இதில் நான் அழுவேன் என்று எதிர்பார்க்காதே.

எங்கள் போதகர் நேற்று வந்தார். பாவம், வெளுத்துப் போயிருந்தார். "அம்மா, இத்தனை வருஷமா நான் யாருக்காக ஆராதனை நடத்தினேன்?" என்றார். "உயிரோட இருக்கிறவருக்கு ஜெபம் பண்ணக் கூடாதுன்னு எங்கயாவது இருக்காய்யா?" என்றேன். காபியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அக்டோபர் பன்னிரண்டு, நினைவு ஆராதனை நாள், வருகிறது. அன்று ஹக்சோல் இங்கே இல்லாவிட்டால் சந்தை வேறு கதை கட்டும். அதுகூடப் போகட்டும். அவன் இல்லாமல் அந்த வீட்டில் நான் எதற்கு விளக்குப் போடுவது? அனுப்பி வை.

தொக்ஹி

*

தேகு
29 செப்டம்பர்

அக்காவுக்கு,

இதை உங்களுக்கு எழுதுவதா வேண்டாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். சந்தை வழியாக வருவதைவிட என் கையால் வரட்டும்.

செவ்வாய்க்கிழமை ஹக்சோல் போஹாங் போனான். எங்களிடம் சொல்லவில்லை. இரவு சாப்பாட்டு நேரத்துக்கு வந்து, மேசை மேல் ஒரு தெர்மோகோல் பெட்டியை வைத்தான். என் வீட்டுக்காரர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "யாருப்பா மீன் பிடிக்கப் போறது?" என்றார். உள்ளே மரத்தூளில் கடற்புழுக்கள் நெளிந்தன.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கடைல வேற யாரும் இல்ல சித்தி. அவரு மட்டும்தான். 'என்ன மீனுக்குத் தம்பி?'ன்னு கேட்டாரு. தெரியலன்னேன். 'தெரியாம என்னத்துக்கு வந்தே? இந்தா, இத வச்சுக்க, இத எல்லா மீனும் கடிக்கும்'னு குடுத்தாரு. சில்லறை குடுக்கிறப்போ என் மூஞ்சியப் பாத்தாரு. நல்லாத்தான் பாத்தாரு. 'பேச்சப் பாத்தா தெக்குப் பக்கத்து ஆளு மாதிரி இருக்கே, எந்த ஊரு?'ன்னாரு. தொங்யோங்னு சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'அங்க நெத்திலி நல்லா இருக்கும்'னாரு."

பிறகு அவன் சாப்பிட்டான். இரண்டாவது கிண்ணம் சோறும் கேட்டு வாங்கினான்.

மறுநாள் காலை என்ன பகுதி என்று உங்களுக்குத் தெரியும். அண்ணன்மார் தானியம் வாங்க வந்து எகிப்தில் அதிகாரியாகிவிட்ட யோசேப்பின் முன்னால் குனிகிறார்கள். அவன் அவர்களை அறிந்துகொள்கிறான், அவர்களுக்கு அவனைத் தெரியவில்லை. ஹக்சோல்தான் சத்தமாக வாசித்தான். அந்த இடம் வந்ததும் நிறுத்தவில்லை, குரலும் மாறவில்லை. முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, "நல்லா எழுதியிருக்காங்க" என்றான். இத்தனை வருஷம் வட்டம் நடத்தியவள் நான். எழுந்து சோறு எடுத்து வைக்கப் போனேன்.

பெட்டி இன்னும் எங்கள் பால்கனியில் இருக்கிறது. புழுக்கள் செத்துவிட்டன. தூக்கிப் போடப் போனேன், அவன் விடவில்லை.

இன்சுன்

*

தொங்யோங்
1 அக்டோபர்

இன்சுனுக்கு,

அடையாளம் தெரியாது என்று நான் முன்னாலேயே சொல்லியிருப்பேன். ஹக்சோல் முகம் என் முகம். அதில் ஜோங்பில் எவ்வளவு தேடினாலும் தன்னைக் கண்டுபிடிக்க மாட்டான். இதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட இருக்கிறது. நீ அதிர்ச்சியானால் ஆகு.

ஆனால் நெத்திலி நல்லா இருக்கும் என்றானாமே. அந்த வரியை வாசித்துவிட்டுக் கடையைச் சாத்தினேன். மத்தியானமே. எதிரே போங்நே, "உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள், நிஜமாகவே கேட்டாள் போலிருந்தது.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் எழுது. தூண்டில் கடை விஷயத்தை உன் வட்டத்தில் சொன்னாயா? அங்கே கண்ணீர் விட இதைவிடப் பொருத்தமான கதை உங்களுக்குக் கிடைக்காது. சொல்லியிருந்தால் இதோடு நிறுத்திக்கொள்வோம். நீ எனக்குத் தங்கையாக இருந்தது போதும்.

இதோடு ஒரு பெட்டி சின்ன நெத்திலி அனுப்புகிறேன். வறுக்கும்போது தலையைக் கிள்ளாதே. அவன் தலையோடுதான் தின்பான்.

தொக்ஹி

*

தேகு
4 அக்டோபர்

அக்காவுக்கு,

சொல்லவில்லை.

இன்று காலை வட்டத்தில் என் முறை வந்தபோது, "இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவளைப் பார்த்தேன். மூப்பர் சோவின் மனைவி விடவில்லை. "அக்கா விஷயம் என்னாச்சு டீச்சர்? ஜெபம் பண்ணினவங்க நாங்க, பதில் என்னன்னு எங்களுக்குத் தெரிய வேண்டாமா?" என்றாள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்பது போல இருந்தது. என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது, ஆனால் விழுங்கிக்கொண்டேன். நான் நல்லவள் என்பதால் இல்லை. நீங்கள் இப்படிக் கேட்பீர்கள் என்று தெரிந்ததால். வீடு திரும்பியபோது பெட்டியும் கடிதமும் வாசலில் இருந்தன. கேட்டுவிட்டீர்கள்.

நெத்திலியைத் தலையோடு வறுத்தேன். ஹக்சோல் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

இனி அவன் சொன்னது. இன்றைய பகுதி, யோசேப்பு தன்னை வெளிப்படுத்துகிற இடம். நான்தான் யோசேப்பு என்று சொல்லிவிட்டு உடனே கேட்கிறான், தகப்பன் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று. ஹக்சோல் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கங்களைப் பின்னால் புரட்டினான்.

"இவன் ஏன் சித்தி இதைக் கேக்குறான்? முன்னாடி விருந்துலயே கேட்டுட்டானே. சுகமா இருக்காருன்னு அவங்க சொல்லிட்டாங்களே. அண்ணன் யூதாவும் இப்பத்தான் பக்கம் பக்கமா அப்பா அப்பான்னு பேசினான்."

இந்தப் பகுதியை எத்தனை தடவை வாசித்திருப்பேன். எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. தெரியவில்லை என்று சொன்னேன்.

பிறகு சொன்னான்: "பதில் தெரிஞ்சுதான் கேக்குறான். முன்னாடி சொன்னது அதிகாரிக்குச் சொன்ன பதில். இப்ப தம்பிக்குச் சொல்லணும். அவங்க வாயால."

அப்புறம், "அம்மா கடைசி வரைக்கும் என்கிட்ட 'முதல்ல சாப்பிடு'ன்னுதான் சொன்னா" என்றான்.

அவ்வளவுதான் அவன் கேட்பது. காரணம் எனக்கு எழுதினீர்கள், படித்தேன். அவனிடம் காட்டவில்லை. அது என் வழியாகப் போகக் கூடாது. ஒரு தடவை நீங்களே சொல்லுங்கள். சொல்வதாக இருந்தால் பன்னிரண்டாம் தேதி வருகிறான். அந்தப் புகைப்படம் மட்டும் அங்கே இருக்கக் கூடாது என்கிறான்.

எனக்கும் வர அனுமதி கேட்கிறேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்சுன்

*

தொங்யோங்
7 அக்டோபர்

இன்சுனுக்கு,

அதே பகுதியை அதே காலையில் நானும் வாசித்தேன். அவன் இரண்டாம் தடவை கேட்பதை நான் கவனிக்கவில்லை. நான் நின்றது அதற்கும் முன்னால். பேசுவதற்கு முதலில் யோசேப்பு என்ன செய்கிறான் என்று பார். எல்லாரையும் வெளியே போகச் சொல்கிறான். வீட்டு ஆள், வேலைக்காரன், காவல்காரன் எல்லாரையும். அண்ணன் தம்பிகளைத் தவிர ஒருவரும் இல்லாதபோதுதான் வாயைத் திறக்கிறான். வட்டமாக உட்கார வைத்துக்கொண்டு பேசவில்லை. அப்படியும் அவன் அழுகைச் சத்தம் எகிப்துக்காரர்கள் காதில் விழுந்துவிட்டது. அது வேறு விஷயம். அவன் கதவைச் சாத்தினான், இன்சுன். நீ சாத்தவில்லை.

நீ அந்தச் செய்தியை விழுங்கினாய் என்பதை நம்புகிறேன். விழுங்கினது நல்லது. அதற்காக முன்னால் துப்பினது உள்ளே போய்விடாது. விற்ற சரக்கைத் திரும்ப எடுக்கிற வழக்கம் எங்கள் சந்தையில் இல்லை, உங்கள் சபையிலும் இருக்காது.

அவன் கேட்டதற்குச் சம்மதம். புகைப்படத்தை இறக்கிவிட்டேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பில்லை. பன்னிரண்டாம் தேதி வேண்டாம், பதினொன்றாம் தேதி மாலை அவன் மட்டும் வரட்டும். கடையைச் சாத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து ஒரு தடவை சொல்வேன். அவன் எத்தனை தடவை வேண்டுமானாலும் குறுக்கே கேட்கலாம், பதில் சொல்வேன். ஆனால் அன்றோடு சரி, மறுபடி அந்தப் பேச்சைத் திறக்க மாட்டேன். நீ மறுநாள் வா. மத்தியானத்துக்கு முன் வராதே.

அன்றைய பகுதி என்ன என்று புரட்டிப் பார்த்தேன். யோசேப்பின் தகப்பன் யாக்கோபோடு எகிப்துக்குப் போனவர்களின் பெயர் வரிசை. வெறும் பெயர்கள். நல்லதாகப் போயிற்று. அதில் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பாட்டு வேண்டாம், போதகர் வேண்டாம். ஹக்சோல் சத்தமாக வாசிப்பான். பிறகு நாம் மூன்று பேரும் மெதுவாக ஒரு தடவை. அது தனக்கு என்ன சொன்னது என்று யாரும் யாரிடமும் சொல்லக் கூடாது. நீ கதவுப் பக்கம் உட்கார். நெத்திலிச் சாற்றில் நூடுல்ஸ் செய்கிறேன், சாப்பிட்டுவிட்டுக் கடைசிப் பேருந்துக்குப் போய்விடு, இங்கே தங்க வேண்டாம். உன் வட்டத்தில் இதைச் சாட்சியாகவோ நன்றியாகவோ ஜெப விண்ணப்பமாகவோ எந்தப் பெயரிலும் சொல்லக் கூடாது. அடுத்த வருஷம் இந்த நாள் கிடையாது, வரவும் வேண்டாம். கடிதம் எழுதலாம். அதில் வாசித்ததை மட்டும் எழுது.

இதில் எதையும் குறைக்க மாட்டேன்.

தொக்ஹி

*

தேகு
10 அக்டோபர், விரைவு அஞ்சல்

அக்காவுக்கு,

ஹக்சோல் நாளை மாலைப் பேருந்துக்குச் சீட்டு எடுத்துவிட்டான். புழுப் பெட்டியை இன்று அவனே கழுவி வைத்தான். உங்களுக்கு நெத்திலி போட உதவும் என்கிறான்.

கதவுப் பக்கம் உட்காருகிறேன். பேச மாட்டேன். சாப்பிட்டதும் எழுந்துவிடுவேன். கடைசிப் பேருந்து ஐந்தே முக்காலுக்கு, விசாரித்துவிட்டேன். வட்டத்தில் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷம் வர மாட்டேன். கடிதத்தில் வாசித்தது மட்டும்.

எல்லாவற்றுக்கும் சம்மதம்.

இன்சுன்